சாக்லேட்டையும் சேர்த்துத்தான் கணக்கு: ஒரு கலோரி செயலி, ஒரு கைப்பட்டை, ஒரு தராசு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் இனிப்பை விட்டவளும் இல்லை, விடப்போகிறவளும் இல்லை. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ஒரு துண்டு சாக்லேட் வாயில் கரைந்தால்தான் எனக்கு மீதி வேலை ஓடும். வார இறுதியில் ஐஸ்கிரீமோ கேக்கோ வேண்டும். நடுவில் எப்போதாவது சிப்ஸ். இதையெல்லாம் ஒழித்துக்கட்டச் சொல்லும் டயட்களில் சேர்ந்து வெளியே வந்தவர்கள் என்னைச் சுற்றி நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதனால் கலோரி எண்ணும் செயலி ஒன்றுக்குச் சந்தா கட்டியபோது நான் பார்த்தது ஒரே விஷயம்தான்: தினமும் கொஞ்சம் தின்பண்டம் தின்றே தீருவேன் என்று உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு இது எவ்வளவு ஒத்துழைக்கும்?

செயலியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. குறை சொல்லும் இடங்கள் நிறைய வருகின்றன. தவிர, ஆப் ஸ்டோர்களில் முன்வரிசையில் நிற்கும் இந்த வகைச் செயலிகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே அச்சு. உணவைப் பதிவது, பார்கோடு ஸ்கேன், உடற்பயிற்சிக் கணக்கு, எடை வரைபடம், இரவு நேரத்தில் தொல்லை செய்யும் நோட்டிஃபிகேஷன். நான் சொல்லும் குணங்களும் குறைகளும் உங்கள் போனில் இருப்பதற்கும் பொருந்தலாம். கூடவே நடையையும் துடிப்பையும் அளக்க மணிக்கட்டில் மாட்டும் ஒரு பேண்டையும், ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்றையும் வாங்கினேன். மூன்றுக்கும் சேர்த்துத்தான் இந்த மதிப்பீடு. இப்போதே கேட்டால், மூன்றில் காசுக்கு மேல் உழைத்தது தராசு. செயலி பரவாயில்லை. பேண்ட் நேரம் பார்க்க உதவுகிறது.

செயலியைத் திறந்தவுடன் வயது, உயரம், எடை கேட்கும். கேட்டு முடித்ததும் 'உங்கள் ஒரு நாள் கலோரி இவ்வளவு' என்று தீர்ப்பு மாதிரி ஒரு எண்ணைக் காட்டும். அதற்குப் பின்னால் இருப்பது ஒரு சின்னச் சூத்திரம். 1990-ல் வெளியான மிஃப்லின்-செயின்ட் ஜோர் சூத்திரத்தைத்தான் பல செயலிகள் எடுத்தாள்கின்றன. கிலோவில் எடையை 10-ஆல் பெருக்கு. சென்டிமீட்டரில் உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டு. வயதை 5-ஆல் பெருக்கிக் கழி. பெண் என்றால் இன்னும் 161 கழி, ஆண் என்றால் 5 கூட்டு. எனக்கு 68 கிலோ, 160 செ.மீ., 45 வயது. போட்டுப் பார்த்தால் 1,294 வருகிறது. நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் உடம்பு செலவழிக்கும் தொகை இது.

அடுத்த கேள்வியில்தான் விளையாட்டு. 'நீங்கள் எவ்வளவு சுறுசுறுப்பு?' உட்கார்ந்த வேலை என்றால் 1.2-ஆல் பெருக்குவார்கள், கொஞ்சம் நடமாட்டம் என்றால் 1.375, மிதமான சுறுசுறுப்பு என்றால் 1.55. எனக்கு முதலாவது 1,553 தருகிறது, மூன்றாவது 2,006. ஒரு பட்டனை மாற்றி அழுத்தினால் 453 கலோரி வித்தியாசம். மில்க் சாக்லேட் 100 கிராமுக்குச் சுமார் 535 கலோரி. ஆக 85 கிராம் சாக்லேட் அந்த ஒரு பட்டனுக்குள் ஒளிந்திருக்கிறது. தன்னைப் பற்றி உயர்வாக நினைத்துக்கொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்காது? பெரும்பாலானவர்கள் கைவைப்பது நடுவிலோ மேலோதான். இந்த இடத்தில் செயலி இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம்: நாளில் எத்தனை மணி நேரம் நாற்காலி, எத்தனை நிமிடம் நடை. அதைக் கேட்பதில்லை. இதற்கு ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தேன்.

நான் 1.375-ஐ எடுத்தேன். தினமும் நடக்கிறேன், மற்றபடி நாற்காலிதான். சுமார் 1,780 வந்தது. மெதுவாகக் குறைந்தால் போதும் என்று 280 கழித்து, நாளுக்கு 1,500 என்று வைத்துக்கொண்டேன். அதில் 150 தின்பண்டத்துக்கு. அது பேச்சுவார்த்தைக்கு அப்பாற்பட்டது.

அந்த 150-ஐக் காலையிலேயே பதிந்துவிடுகிறேன். பல் தேய்த்து, எடை பார்த்து, செயலியைத் திறந்து, முதல் வரியாக '28 கிராம் சாக்லேட்'. காலை உணவே அப்புறம்தான். மாதச் சம்பளம் வந்த அன்றே வாடகையை எடுத்து வைப்பதுபோல, மீதி 1,350-க்குள் காலை, மதியம், இரவு எல்லாம் அடங்கிக்கொள்ளும். பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். மூன்று வேளையும் முடிந்து, இரவு ஒன்பது மணிக்கு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அநேகமாக மிச்சம் இருக்காது. இருந்தாலும் பத்துப் பதினைந்து நிமிடம் மனதுக்குள் வாதம் நடக்கும். காலையில் எழுதிவிட்டால் அந்த வாதமே கிடையாது. நாலு மணிக்கு எடுத்துத் தின்கிறேன், திரும்பிப் பார்ப்பதில்லை. முன்கூட்டிப் பதிய செயலி எந்தத் தடையும் சொல்வதில்லை. நாளைக்குரிய பக்கத்தைக்கூட இன்றே திறந்து எழுதலாம். நேற்றுப் பதிந்ததை அப்படியே நகலெடுக்கும் பட்டனும் இருக்கிறது. இந்த வசதிக்காகவே இரண்டு நட்சத்திரம் கொடுப்பேன்.

இனிக் குறைக்கு வருவோம். 'உடற்பயிற்சிக் கலோரியைத் திரும்பச் சேர்' என்று ஒரு வசதி. பேண்டை இணைத்தவுடன் நம்மைக் கேட்காமலே இயங்க ஆரம்பித்துவிடும். நடந்து முடித்து வந்தால், 1,500 இருந்த இடத்தில் 1,730 என்று காட்டும். கூடவே பச்சை நிறத்தில் ஒரு வாழ்த்து. அப்போது கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் இருந்தால் அதன் கதி என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

கணக்கைப் பாருங்கள். நடையை 'மெட்' என்ற அலகில் அளப்பார்கள். சும்மா உட்கார்ந்திருப்பது 1 மெட். கிலோவுக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு கலோரி. ஓரளவு வேகமான நடை 3.5 மெட். என் 68 கிலோவுக்கு முக்கால் மணி நேரம் நடந்தால் 68 × 3.5 × 0.75, அதாவது 178 கலோரி. ஆனால் அந்த முக்கால் மணி நேரம் நான் சோபாவில் சாய்ந்திருந்தாலும் 51 செலவாகியிருக்கும். அது ஏற்கெனவே 1,500-க்குள் இருக்கிறது. நடையால் கூடுதலாகப் போனது 127 மட்டும். போதாக்குறைக்கு, 1.375 என்று நான் தேர்ந்தெடுத்தபோதே நடையும் சேர்ந்துவிட்டது. அப்படிப் பார்த்தால் எனக்குத் திரும்பி வரவேண்டியது ஒன்றுமில்லை. பேண்ட் தாராளமாக 230-ஐத் தூக்கிக் கொடுக்கிறது. ஒரே நடைக்கு இரண்டு முறை கூலி.

என் பேண்ட் மட்டும்தான் இப்படியா என்றால் இல்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 60 பேருக்கு ஏழு வகைக் கைப்பட்டைகளை மாட்டி நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் விட்டுச் சோதித்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். இதயத் துடிப்பை ஏழில் ஆறு நன்றாகவே அளந்தன. பிழை 5 சதவீதத்துக்கும் கீழே. கலோரி என்று வந்தபோது, இருப்பதிலேயே ஒழுங்கானதுகூடச் சராசரியாக 27 சதவீதம் தவறு. மோசமானது 93 சதவீதம். அதற்குப் பிறகு கருவிகள் எவ்வளவோ மாறியிருக்கின்றன. ஆனால் அடிப்படைச் சிக்கல் அதேதான். மணிக்கட்டில் அளக்கக் கிடைப்பது துடிப்பும் அசைவும். அதிலிருந்து உடம்பு எரித்ததை ஊகித்துத்தான் சொல்லவேண்டும். ஊகத்தை 'சுமார்' என்று சொல்லாமல் 231 என்று ஒற்றை இலக்கம் வரை காட்டுகிறார்களே, அதுதான் எனக்குக் கோபம்.

என் தங்கையும் இதே செயலியைத்தான் வைத்திருக்கிறாள். ஒருநாள் போன் செய்தாள்.

"அக்கா, ட்ரெட்மில்லில நானூறு எரிச்சிட்டேன். ராத்திரி கேக் எனக்கு உண்டு."

"நானூறுன்னு யார் சொன்னது?"

"மெஷின்ல வந்துச்சு."

"மெஷினுக்கு உன் எடை தெரியுமா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அதெல்லாம் யாருக்கா போடுறாங்க..."

"கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டுத்தானே நடந்தே?"

"நீ கேக் சாப்பிட விடமாட்டே போலிருக்கே."

சாப்பிட விடாமல் என்ன? அவள் கேக் சாப்பிடட்டும்; காலையிலேயே எழுதிவிட்டுச் சாப்பிடட்டும். எடை கொடுக்காத மெஷின் தனக்குள் இருக்கும் ஏதோ ஒரு எடையை வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. கைப்பிடியில் சாய்ந்தால் உடம்பின் பாரத்தில் ஒரு பங்கைக் கம்பி தாங்கிக்கொள்கிறது. செலவு குறைகிறது, திரையில் எண் குறைவதில்லை. அந்த எண்ணை நம்பிக் கேக்கை வெட்டினால் கேக்கின் மேல் பழிபோடக் கூடாது.

இந்த வசதியை அணைக்க முடியும் என்பதே எனக்கு மெதுவாகத்தான் தெரிந்தது; அமைப்புகளுக்குள் மூன்று அடுக்குக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். சந்தா கட்டினால்தான் அணைக்கவே முடியும். இதை வியாபாரத் தந்திரம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? அணைத்தபின் நடை நடையாகவும் சாக்லேட் சாக்லேட்டாகவும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் பெரியவர்களுக்குச் சொன்ன வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி என்ற அளவை மட்டும் நான் கவனிக்கிறேன். செயலியின் 'நிமிடங்கள்' பகுதி அதற்குச் சரியாக உதவுகிறது. நிமிடத்தைப் பேண்ட் தப்பாக எண்ணுவதில்லை. காலடிகளை விட்டுவிட்டேன். பத்தாயிரம் அடி என்ற இலக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானி. அதற்கு வைத்த பெயரே 'பத்தாயிரம் அடி மானி'. மருத்துவர் யாரும் உட்கார்ந்து கண்டுபிடித்த எண் கிடையாது.

இப்போது தராசு. தட்டையான கண்ணாடிப் பலகை, 5 கிலோ வரை தாங்கும், ஒரு கிராம் துல்லியம். தின்பண்டக்காரிக்கு இதைவிட நல்ல நண்பன் இல்லை. 'ஒரு கைப்பிடி சிப்ஸ்' என்று செயலியில் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் என் கைப்பிடி எவ்வளவு என்று எனக்கே தெரியாது. லேபிள்களில் ஒரு பரிமாறல் என்று வழக்கமாக 28 அல்லது 30 கிராம் போடுவார்கள். சிப்ஸில் அது 150 கலோரிக்குப் பக்கம். நிறுத்துப் பார்த்தால் அந்த அளவு ஒரு சின்னக் கிண்ணத்தின் அடியை மூடும், அவ்வளவுதான். முதல்முறை பார்ப்பவர்களுக்கு மனசு உடைந்துபோகும்.

ஒரு உத்தி சொல்கிறேன். கிண்ணத்தைத் தராசில் வைத்து அதில் கொட்டாதீர்கள். பாக்கெட்டையே தராசின்மேல் வைத்து, டேர் பட்டனை அழுத்திப் பூஜ்யமாக்கிவிட்டு, வேண்டியதை எடுங்கள். திரையில் -10, -19, -28 என்று இறங்கும். எடுத்தது எவ்வளவோ அதுதான் நீங்கள் தின்னப்போவது. இரண்டாவது முறை கை உள்ளே போனாலும் தராசு சொல்லிவிடும். ஐஸ்கிரீம் டப்பா, சாக்லேட் ஸ்ப்ரெட் பாட்டில் எல்லாவற்றுக்கும் இதுவே வழி. கரண்டியில் ஒட்டுவதும் விரலால் வழித்ததும்கூடக் கணக்கில் வந்துவிடும்.

தராசிலும் குறை உண்டு. இரண்டு மூன்று கிராம் பொருளைத் தனியாக வைத்தால் சில சமயம் கண்டுகொள்வதே இல்லை. மிக மெதுவாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினாலும் எண் அசையாமல் நிற்கும். தன்னைத்தானே பூஜ்யத்துக்குச் சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு உள்ளே இருப்பதால், அந்தச் சின்ன மாற்றங்களைப் பிசிறென்று நினைத்து விழுங்கிவிடுகிறது. கோகோ பொடி மாதிரி லேசானதை நிறுக்கும்போது ஏதாவது கனமான கிண்ணத்தோடு வைத்து ஒரேயடியாகப் போடுவது நல்லது. நான் அளந்துகொண்டிருக்கும்போதே இரண்டு நிமிடத்தில் தானாக அணைந்துபோவது இன்னொரு எரிச்சல்.

செயலியின் உணவுப் பட்டியல் ஒரு பெரிய குப்பைமேடு. அதில் மாணிக்கமும் கிடக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். யார் வேண்டுமானாலும் எழுதிச் சேர்க்கலாம் என்பதால் ஒரே சாக்லேட்டுக்கு ஏழெட்டு வரிகள். ஒன்றில் 'ஒரு துண்டு 25 கலோரி', இன்னொன்றில் 'ஒரு துண்டு 90'. துண்டு என்பது எவ்வளவு என்று யாரும் எழுதவில்லை. மில்க் சாக்லேட் 100 கிராமுக்கு 2,240 கலோரி என்றும் ஒரு வரி பார்த்தேன். அது லேபிளில் இருந்த கிலோஜூல் எண். லேபிளில் நாம் கலோரி என்று சொல்வது கிலோகலோரி. ஒரு கிலோகலோரிக்கு 4.184 கிலோஜூல். நாலால் வகுத்துப் பார்த்தால் குட்டு உடைகிறது.

நம்பலாமா கூடாதா என்று பார்க்க நான் செய்வது இதுதான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் வில்பர் அட்வாட்டர் என்ற வேதியியலாளர், மனிதரை ஒரு அறைக்குள் தங்கவைத்து அவர் வெளிவிடும் வெப்பத்தையே அளந்தவர். அவர் ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள்தான் இன்றும் லேபிள்களின் அடித்தளம்: ஒரு கிராம் புரதத்துக்கு 4, மாவுச்சத்துக்கு (சர்க்கரையும் இதில் சேர்த்தி) 4, கொழுப்புக்கு 9. மில்க் சாக்லேட்டில் 100 கிராமுக்குச் சுமார் 8 கிராம் புரதம், 30 கொழுப்பு, 59 மாவுச்சத்து. 32 + 270 + 236, மொத்தம் 538. லேபிளோடு ஒத்துப்போகிறது. சுத்தமான எண்ணெயே 100 கிராமுக்கு 900-தான் வரும். அதனால் எந்த உணவுக்காவது 900-க்கு மேல் யாராவது எழுதியிருந்தால் யோசிக்காமல் தள்ளிவிடலாம். பார்கோடு ஸ்கேன் செய்தாலும் வரும் எண்ணை லேபிளோடு ஒரு முறை ஒப்பிடுங்கள்; ஒருமுறை சரிபார்த்து 'என் உணவுகள்' பட்டியலில் சேர்த்துவிட்டால் அப்புறம் தொல்லையில்லை. லேபிளே கடவுள் வாக்கு என்றும் சொல்லவில்லை. அமெரிக்க விதிப்படி, அச்சிட்டதைவிட உண்மையான கலோரி 20 சதவீதம் வரை அதிகமாக இருந்தாலும் ஏற்றுக்கொள்வார்கள். என் 150, சில நாள் 180-ஆக இருக்கலாம். அதனால் ஒற்றை இலக்கத்துக்குச் சண்டை போடுவதை விட்டுவிட்டேன்.

ஐஸ்கிரீமுக்குத் தனியாகப் புலம்பவேண்டும். செயலியில் 'ஒரு ஸ்கூப்', 'அரை கப்', 'மில்லிலிட்டர்' என்று கொள்ளளவில்தான் வரிகள். ஆனால் ஐஸ்கிரீமில் பாதி வரை காற்றாக இருக்கலாம். காற்று அதிகம் அடித்த வகையும், காற்றைக் குறைத்து அடர்த்தியாகச் செய்த வகையும் ஒரே கரண்டி அளவில் எடையில் ஒன்றரை மடங்கு வரை வேறுபடும். அடர்த்தியானதில் கொழுப்பும் கூடுதல். சாதாரண வெனிலா 100 கிராமுக்கு 200 கலோரிக்குக் கொஞ்சம் மேலே. உயர்ரகத்தில் அது இன்னும் ஏறும். ஸ்கூப்பை மறந்துவிட்டுக் கிராமுக்குப் போங்கள்.

வீட்டில் கேக் செய்கிறவர்களுக்கு 'ரெசிபி' பகுதி இருக்கிறது. பொருள்களை நிறுத்து உள்ளிட்டால் மொத்தக் கலோரி வந்துவிடும். பிறகு 'எத்தனை பேருக்கு?' என்று கேட்கும். எட்டுப் பேர் என்று போட்டால் எட்டும் சம துண்டாக வெட்டவேண்டும். என் கத்திக்கு அந்தப் பழக்கம் இல்லை. வெந்து ஆறிய கேக்கை முழுசாக நிறுத்து, 840 கிராம் வந்தால், பரிமாறல் எண்ணிக்கையில் 840 என்று போட்டுவிடுவேன். அப்போது ஒரு பரிமாறல் ஒரு கிராம். 62 கிராம் வெட்டினால் 62 என்று பதிந்துவிட வேண்டியதுதான். மாவாக இருக்கும்போது நிறுக்காதீர்கள். அடுப்பில் ஈரம் ஆவியாகி எடை குறைந்துவிடும். இந்தச் செயலியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அதை உருவாக்கியவர்களுக்கு இப்படி ஒரு பயன் இருப்பது தெரியுமா என்று சந்தேகமாக இருக்கிறது.

பிடிக்காதது சிவப்பு நிறம். 1,500-ஐ ஒரு கலோரி தாண்டினாலும் எண் சிவப்பாகிறது. சின்ன விஷயம்தானே என்று தோன்றும். 1975-ல் ஹெர்மன், மேக் என்ற இரண்டு உளவியலாளர்கள் நடத்திய ஒரு சோதனை உண்டு. மாணவிகளில் சிலருக்கு மில்க்‌ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு எல்லோருக்கும் ஐஸ்கிரீமை முன்னால் வைத்து, ருசி பார்க்கிற சாக்கில், வேண்டிய அளவு தின்னச் சொன்னார்கள். உணவில் கட்டுப்பாடு வைத்துக்கொள்ளாதவர்கள் மில்க்‌ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். கட்டுப்பாடாக இருந்தவர்களோ, மில்க்‌ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமை அதிகம் தின்றார்கள். கோடு ஒருமுறை தாண்டியதும், ஆனது ஆச்சு, இனி நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். செயலியின் சிவப்பு எண் அந்த மில்க்‌ஷேக்கின் வேலையைத்தான் செய்கிறது. 1,540 என்பது 1,500-க்குப் பக்கத்தில் இருக்கும் எண். ஆனால் சிவப்பாகத் தெரிந்ததும் அது தோல்வி மாதிரி ஆகி, பிஸ்கட் டப்பா திறக்கிறது.

இதற்கு மருந்து வாரக் கணக்கு. சந்தாப் பதிப்பில் ஒரு வாரத்தின் மொத்தத்தைக் காட்டும் திரை இருக்கிறது. நாளுக்கு நாள் வேறுவேறு இலக்கும் வைக்கலாம். எனக்கு வாரத்துக்கு 10,500, அதில் தின்பண்டம் 1,050. வேலை நாள்களில் 100 கலோரிக்கு மட்டும் சாக்லேட் தின்றால் ஐந்து நாளுக்கு 500. மீதி 550 வார இறுதிக்கு. அதில் ஒரு நல்ல கேக் துண்டு முழுசாக வரும், சனியும் ஞாயிறும் பிரித்துக்கொண்டால் ஐஸ்கிரீமும் வரும். விருந்துக்குப் போகிற வாரத்தில் மொத்தத்தையும் அந்த ஒரு இரவுக்கே தள்ளிவிடுவேன். ஆனால் அன்று பகல் முழுக்கப் பட்டினி கிடந்து சேர்ப்பது வேண்டாம். பசியோடு போய் உட்கார்ந்தால் சேர்த்ததைப்போல இரண்டு மடங்கு போய்விடும்.

இரவு நோட்டிஃபிகேஷனை முதல் வாரத்திலேயே அணைத்துவிடுங்கள். 'இன்னும் 180 கலோரி மீதம் உள்ளது!' என்று பத்து மணிக்கு ஆச்சரியக்குறியோடு வருகிறது. தூங்கப்போன ஆளை எழுப்பிச் சமையலறைக்கு அனுப்பும் வேலை அது. நாளை முடித்துக்கொள்ளும்போது 'எல்லா நாளும் இப்படியே இருந்தால் ஐந்து வாரத்தில் உங்கள் எடை...' என்று ஜோசியமும் சொல்கிறது. ஒரு கிலோவுக்கு இத்தனை ஆயிரம் கலோரி என்று நேர்கோட்டில் வகுத்துச் சொல்வது அது. எடை குறையக் குறைய உடம்பின் செலவும் குறையும் என்பது அந்தக் கோட்டுக்குத் தெரியாது.

எடை வரைபடம் மட்டும் நன்றாக இருக்கிறது. தினசரிப் புள்ளிகளுக்கு மேலே சராசரிக் கோடு ஒன்றை வரைகிறது. தின்பண்டம் தின்கிறவர்களுக்கு இது அவசியம். சனி இரவு கேக்கும் சிப்ஸும் ஆன பிறகு ஞாயிறு காலை முக்கால் கிலோ ஏறியிருக்கும். அது கொழுப்பாக இருக்க முடியாது. அவ்வளவு கொழுப்புக்கு ஐயாயிரம் கலோரிக்கு மேல் கூடுதலாக உள்ளே போயிருக்கவேண்டும். மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜனாகச் சேமிக்கும்போது கிராமுக்கு மூன்று கிராம் அளவில் தண்ணீரும் கூடவே தங்கும். உப்பும் தன் பங்குக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கும். இரண்டு மூன்று நாளில் தானாக வடிந்துவிடும். சராசரிக் கோடு அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. நானும் கண்டுகொள்வதில்லை.

'சர்க்கரை இல்லாத' சாக்லேட், புரோட்டீன் பார் இரண்டையும் செயலி விளம்பரமாகத் திணிக்கிறது. சர்க்கரை இல்லாததில் கொழுப்பு அப்படியே இருக்கும். சர்க்கரைக்குப் பதில் சேர்க்கும் மால்டிட்டால் போன்ற இனிப்புகளுக்கும் கலோரி உண்டு, ஐரோப்பிய லேபிள் விதியில் கிராமுக்கு 2.4. கொஞ்சம் அதிகமாகத் தின்றால் வயிறு கழுவிவிடும். புரோட்டீன் பார் 200 கலோரி. அந்த 200-க்கு எனக்குப் பிடித்ததையே தின்பேன்.

ஒரு விஷயத்தை விளையாட்டாகச் சொல்ல முடியாது. சாப்பாட்டைப் பற்றிய பயமோ, தின்றுவிட்டு வாந்தி எடுக்கும் பழக்கமோ, பட்டினி கிடக்கும் பழக்கமோ எப்போதாவது இருந்தவர்கள் இந்தச் செயலிகளின் பக்கமே போகவேண்டாம். வளரும் பிள்ளைகள் கையிலும் கொடுக்காதீர்கள். கர்ப்பிணிகளும், சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்டுத்தான் இலக்கு வைக்கவேண்டும். செயலி இதை ஆரம்பத்தில் ஒரு வரியில், சாம்பல் நிற எழுத்தில் சொல்கிறது. பெரிதாகச் சொல்லியிருக்கலாம்.

நட்சத்திரங்கள்: தராசுக்கு ஐந்துக்கு நாலரை, அந்த அரை தானாக அணைவதற்காகப் போனது. செயலிக்கு மூன்று. முன்கூட்டிப் பதிவு, ரெசிபி, எடை வரைபடம் மூன்றும் அருமை. உடற்பயிற்சியைத் திரும்பச் சேர்ப்பதும் சிவப்பு எண்ணும் இரவு அழைப்பும் அந்த மூன்றின் பலனைப் பாதி தின்றுவிடுகின்றன. பேண்டுக்கு இரண்டு. கலோரித் திரையை மறைத்துவிட்டு, நடந்த நிமிடத்துக்கும் துடிப்புக்கும் மட்டும் வைத்துக்கொள்வதென்றால் மூன்றரை.

சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி மின்னஞ்சல் வந்திருக்கிறது. வாரத் திரைக்காக மட்டும் அவ்வளவு கொடுக்கவேண்டுமா என்று யோசிக்கிறேன். ஏழு வரியைக் கூட்ட ஒரு தாள் போதும். ஆனால் இலவசப் பதிப்புக்குப் போனால் உடற்பயிற்சிக் கலோரி மறுபடியும் தானாகச் சேர ஆரம்பித்துவிடும். அதற்கும் வழி இருக்கிறது: பேண்டைச் செயலியோடு இணைக்காமல் விட்டுவிட்டால் சேர்க்க அதனிடம் ஒன்றும் இருக்காது. அப்படித்தான் செய்யப்போகிறேன்.